கடிகார முள்ளைக் கவ்விய காகம்

பாரிவாக்கம்
23.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்த்திகா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா, அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன வாரம் நீ ஜெயிலிலிருந்து போன் பண்ணியபோது அம்மா என் காதில் வைத்தாள். நீ 'கார்த்தி, கார்த்தி' என்று கூப்பிட்டது கேட்டது. வாய்தான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

வக்கீல் வித்யா மேடம் நேற்று வீட்டுக்கு வந்தார்கள். "சென்னீர்குப்பம் குடோன்ல செப்புக் கம்பி திருடினதும், வாட்ச்மேன் தங்கராஜைத் தள்ளி விட்டதும் கோபியும் உங்க அண்ணனும்னு போலீஸ் சொல்லுது. கோபியும் அப்படித்தான் சொல்றான். உங்க அண்ணன், அன்னிக்கு ராத்திரி வீட்டுல தங்கச்சியோட பொம்மைப் படம் பார்த்துக்கிட்டிருந்தேங்கிறார். உங்க அம்மா அன்னிக்கு வீட்டுல இல்ல, அதனால நீ ஒருத்திதாம்மா சாட்சி" என்றார்கள். நான் தலையாட்டினேன். "கோர்ட்டுல தலையாட்டினா எழுதிக்க மாட்டாங்க" என்றார்கள்.

பத்தாம் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்ன அன்றோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குத் தெரியும். இப்போது கூண்டில் ஏறிப் பேச வேண்டும். மேடம் ஒரு வழி சொன்னார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைப் பற்றித்தான் குடைவாராம். அதனால் படத்தில் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று நாம் இரண்டு பேரும் எழுதிப் பார்க்க வேண்டுமாம். எழுதினால் வாயிலும் வரும் என்றார்கள்.

நான் தொடங்குகிறேன். படத்தில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. மணிக்கூண்டுக்குச் சாவி கொடுக்கும் கிழவர், கடிகாரத்தின் சின்ன முள்ளைத் திருடும் காகம், தூங்கும் ஊர். இவ்வளவுதான். காகத்தின் நடையை வரைந்தவர் நிஜக் காகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காருவதும் அப்படித்தான் பக்கவாட்டில் தத்துகிறது. குறை என்றால், கிழவரின் தொப்பி ஒரு இடத்தில் பச்சை, அடுத்த இடத்தில் பழுப்பு.

உன் பங்கை எழுது. தினமும் குளி.

உன் தங்கை,
கார்த்திகா


புழல்
5.7.2024

கார்த்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி போய்விட்டது. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். அவள் மாத்திரையை விடாமல் போடட்டும்.

இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். வழக்கை எழுதாதே. படத்தை மட்டும் எழுது.

பக்கத்தில் படுக்கிற பக்தவத்சலம் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "இன்னா மாமே, ஊரு ஒலகத்துல கொலகாரன்லாம் டாக்டரு சர்ட்டிபிகேட்டு காட்டிகினு கீறான். நீ காக்கா பொம்ம காட்டியா வெளிய போவப் போற?" என்கிறார். அவர் சிரிக்கட்டும்.

என் பங்கு. ஒரே மேகம் திரும்பத் திரும்ப வருகிறது. காசு இல்லாமல் எடுத்த படம் போல. கிழவருக்கு ஒரு தடவை நாலு விரல், ஒரு தடவை அஞ்சு விரல். ஆனால் அவர் ஏணியில் ஏறும்போது நமக்கே கால் கூசுகிறது இல்லையா, அது பெரிய விஷயம். ஏணி சரிந்து, பெரிய முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் பார், அதைவிட நல்ல இடம் படத்தில் இல்லை. குறை என்னவென்றால் ஆளை அப்படியே தொங்க விட்டுவிட்டார்கள். ஒரு முடிவு வேண்டாமா?

நீ தைரியமாக இரு. உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

தினகரன்


பாரிவாக்கம்
12.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று நாளாக மழை. வீட்டில் எல்லோரும் சுகம். பக்தவத்சலம் அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஆளைத் தொங்க விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது நம் பழைய சிடி. ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய அன்றே நீ அதைச் சக்கரம் போல உருட்டிக் கீறல் விழ வைத்தாய். எத்தனை வருஷம் பார்த்தாலும் கிழவர் தொங்கும் இடத்தில் படம் நின்றுபோகும். அப்புறம் நீதான் நாளுக்கொரு முடிவு சொல்வாய். ஒரு நாள் யானை வந்தது. ஒரு நாள் கார்ப்பரேஷன் லாரி வந்தது.

அன்றைக்கு நாம் பார்த்தது முழுப்படம் அல்லவா? இணையத்தில் தேடிப் பிடித்து, பென்டிரைவில் ஏற்றி, விளக்கை அணைத்துவிட்டு, நான் டிவிக்குக் கீழே தரையிலும் நீ பின்னால் கட்டிலிலும் உட்கார்ந்து பார்த்தோமே. நான் மேடத்திடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொங்கின பிறகு வருவதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? எனக்கு அந்த இடத்தில் மூச்சே நின்றுவிட்டது.

கொக்கி வைக்க ஜெயப்பிரியா அக்கா தையல் கடையிலிருந்து நிறைய ரவிக்கை வந்திருக்கிறது. தங்கராஜின் மனைவியும் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்களாம். தங்கராஜுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

உடனே பதில் போடு.

கார்த்திகா


புழல்
10.8.2024

கார்த்திக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவை அடிக்கடி மனு போட்டு என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல். பஸ்ஸில் அலைந்து அவளுக்குக் கால் வீங்குகிறது.

படத்தின் இசை கொஞ்சம் அதிகம். காகம் பறக்கும்போதெல்லாம் பீப்பீ ஊதுகிறார்கள். மணிக்கூண்டின் உள்ளே பல் சக்கரங்கள் சுற்றுவதை நன்றாக வரைந்திருக்கிறார்கள். ஊர் முழுக்க இருட்டாக இருக்கும்போது மணிக்கூண்டின் முகம் மட்டும் நிலா மாதிரி தெரிவதும் நன்றாக இருக்கிறது.

மற்றதெல்லாம் நீ சொன்னது போலத்தான்.

தினகரன்


பாரிவாக்கம்
19.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சுகத்துக்கு ஆடி வெள்ளிக்கு அம்மா கூழ் ஊற்றினாள். பக்கத்து வீட்டில் வாங்க வரவில்லை. அம்மா அண்டாவைக் கழுவி வைத்தாள்.

நீ எழுதியது எல்லாம் சரி. இசை அதிகம்தான். ஆனால் நான் கேட்டது தொங்கின பிறகு வருவதை. நான் இன்னொரு தடவை கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. கடைசியில் காகம் செய்தது உனக்குப் பிடித்ததா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

அதை நீ எழுதிவிட்டால் எனக்குக் கூண்டில் ஏறப் பயம் இருக்காது.

கார்த்திகா


புழல்
2.9.2024

கார்த்தி,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே இருந்தால் எல்லாம் மறந்துபோகிறது. காலையில் தின்றது மாலையில் ஞாபகம் இல்லை. படம் தொங்கும் இடம்வரை நன்றாக நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதை நீ ஒழுங்காக ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. காகம் என்ன செய்கிறது, கிழவர் என்ன ஆகிறார், எந்த நிறம், என்ன சத்தம், எல்லாம். வாய்தாவுக்கு முன்னால் வேண்டும். கேட்டால் நானும் சொல்ல வேண்டுமே.

அம்மாவைப் பார்த்துக்கொள். நீ நல்ல பெண். சின்ன வயதிலிருந்து நான் சொன்னால் கேட்பாய்.

தினகரன்


பாரிவாக்கம்
20.9.2024

மதிப்பிற்குரிய வித்யா மேடத்துக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் போனில் பேச மாட்டேன் என்பதால் எழுதுகிறேன். அண்ணனுக்கு எழுதினால் அங்கே பிரித்துப் படிப்பார்கள், அதனால் அவனுக்கு இதை எழுத முடியவில்லை.

மேடம், அண்ணன் என் பின்னால் கடைசிவரை இருந்தான் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷம் பார்க்காத முடிவு என்பதால் நான் திரும்பியே பார்க்கவில்லை. படம் முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டேன். எங்கள் ஃபேன் கடகடவென்று சத்தம் போடும். கதவு திறந்தாலும் கேட்காது. எழுந்து விளக்கைப் போட்டபோது அவன் கட்டிலில் இருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன்.

இப்போது அவனுக்கு முடிவு தெரியவில்லை. மறந்தவன் கொஞ்சமாவது தப்பாகச் சொல்வான். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. பழைய சிடி நிற்கும் இடத்தோடு அவனுக்குப் படம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் அவன் எழுந்து போயிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள், "நீ பார்த்தியா அவன் போனத? பார்க்கல இல்ல? அப்ப இருந்தான்னுதான் சொல்லணும். கூடப் பொறந்தவன உள்ள வச்சிட்டு நீ இன்னாத்த திங்கப் போற?" என்றாள். அப்புறம் அழுதாள். நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
கார்த்திகா


பூந்தமல்லி
25.9.2024

அன்புள்ள கார்த்திகா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா போனில் சொன்னார்கள். முதலில் சாப்பிடு.

நான் உன் அண்ணனின் வக்கீல். அவரைக் காப்பாற்றுவது என் வேலை. ஆனால் தெரிந்துகொண்டு ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைப்பது என் வேலை இல்லை. நீ பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிச் சொன்னால் உன்னால் அவருக்கு ஒரு பயனும் இல்லை, அதையும் மறைக்கவில்லை.

நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. அது உங்கள் இருவருக்குள். டிசம்பரில் உன் சாட்சி வரலாம். அதற்குள் யோசி.

வித்யா


பாரிவாக்கம்
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு நாளும் தபால்காரர் வண்டிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட முடிவை எழுதுகிறேன்.

கிழவர் பெரிய முள்ளைப் பிடித்துத் தொங்குகிறார். கடிகாரம் நின்றுவிட்டதால் ஊரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காகம் சின்ன முள்ளைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகிறது. கூட்டில் வைப்பதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது. முள்ளை வாயில் வைத்தபடியே திரும்பிப் பறந்து வந்து கிழவரின் தொப்பிமேல் உட்காருகிறது. அவர் சட்டையைக் காலால் பிடித்து இழுக்கிறது. பெரிய ஆள், அதனால் முடியவில்லை. ஊரை எழுப்பலாம் என்றால் கத்த வேண்டும். கத்தினால் முள் விழும். விழுந்தால் திருடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்காமலே கத்திப் பார்க்கிறது. தொண்டை மட்டும் உப்புகிறது, சத்தம் வரவில்லை. எனக்கு அந்த வலி தெரியும் அண்ணா. அதை வரைந்தவருக்கும் தெரிந்திருக்கிறது. படத்திலேயே உயர்வான இடம் அதுதான், நீ சொன்ன ஏணி இல்லை.

கடைசியில் காகம் வாயைத் திறக்கிறது. சத்தம் கேட்கவில்லை, இசையும் நின்றுவிடுகிறது. முள் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. தரையில் 'டிங்' என்கிறது. ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிறது. அப்புறம் இன்னொன்று. அப்படியே திரை வெள்ளையாகி, புரியாத எழுத்துகள் ஓடுகின்றன. கிழவரை இறக்கினார்களா என்று காட்டவில்லை. முதல் நாள் அதைப் பெரிய குறை என்று நினைத்தேன். இப்போது சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவுதான் படம். யார் கேட்டாலும் நீ இனி முழுதாகச் சொல்லலாம். உனக்கு நான் எதையும் ஒளிக்கவில்லை. என்னைக் கேட்டால், நான் திரும்பிப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கார்த்திகா


பாரிவாக்கம்
3.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. உடம்பு சுகம். உன் கடிதம் வரவில்லை. அம்மா மனு போட்டு வந்தபோது நீ பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். அவள் திரும்பி வந்து என்னிடம் பேசவில்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நீ அப்படிச் செய்தாய் என்கிறாள்.

அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கக் கூடாதோ என்று கொக்கி தைக்கும்போதெல்லாம் ஊசியைக் குத்திக்கொள்கிறேன். திட்டியாவது எழுது. உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை என்றாவது எழுது. என்னால் போனில் கேட்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

கார்த்திகா


புழல்
14.11.2024

கார்த்தி,

காய்ச்சல் இல்லை. அம்மாவை அடுத்த வாரம் வரச் சொல். பார்க்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வரவில்லை.

வித்யா மேடத்தை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி இந்தக் கடிதத்தை யார் படித்தால் என்ன.

நம் சிடி நிற்கும் இடத்தில் கோபி வெளியே ஹாரன் அடித்தான். நீ திரும்பவில்லை. குடோனில் மேல்தட்டுக்கு இரும்பு ஏணி இருக்கிறது. கம்பிச் சுருளை இறக்கும்போது தங்கராஜ் ஏறி வந்து என் சட்டையைப் பிடித்தார். நான் உதறினேன். அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். என்னைப் பார்த்து, "டேய் தம்பி, கையக் குட்றா" என்றார். கையை நீட்டினால் தூக்கியிருக்கலாம். கோபி, "வா மச்சான், போய்கினே இரு" என்று இழுத்தான். நான் ஓடி வந்துவிட்டேன். விழுந்த சத்தம் வெளியே கேட்டது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது நீ படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாய். கிழவர் தொங்கும் இடம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதனால்தான் இரண்டாவது தடவையும் முடிவைப் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைப் பக்தவத்சலத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கெழவன் என்ன ஆனான்பா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

தங்கராஜ் நடக்கிறாரா? இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விசாரித்து எழுது.

தினகரன்


பாரிவாக்கம்
1.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா நன்றாகத் தூங்கினாள். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, ஆனால் தட்டில் சோறு போட்டு முன்னால் வைக்கிறாள்.

ஜெயப்பிரியா அக்காவிடம் விசாரிக்கலாம் என்றுதான் போனேன். அவள், "தங்கராஜு ஊட்டம்மாக்கு தச்ச ரவிக்க நாலு கீது. அந்தம்மாக்கு நீயே குட்துட்டு வந்துடேன்" என்றாள். அவளுக்கு நான் யார் என்று தெரியும். வேண்டுமென்றேதான் அனுப்பினாளோ என்னவோ.

சென்னீர்குப்பத்தில் ஹைவேக்குப் பின்னால் ஒற்றை அறை. தங்கராஜ் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அலுமினிய வாக்கர். அவர் மனைவி ரவிக்கைகளை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "புதுப் பொண்ணாக்கீறே, யாரும்மா நீ?" என்று கேட்டார்கள். கடையில் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுவும் உண்மைதான். என் தொண்டை உப்பிக்கொண்டே இருந்தது.

"தினகரனோட தங்கச்சி" என்றேன். சத்தமாகவே வந்தது.

அந்தம்மா ரவிக்கையைக் கீழே போட்டார்கள். "இன்னா தகிரியம் இருந்தா ஊட்டுக்கே வருவ?" என்று என் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார்கள். அவர்தான், "இரு, இரு. அத்த உடு" என்றார். என்னைப் பார்த்து, "கேஸ வாபஸ் வாங்கச் சொல்லி அனுப்சானா?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க நடக்கிறீங்களான்னு கேட்டான்."

அவர், "அன்னிக்குக் கேக்காதவன் இன்னிக்குக் கேக்கறானா?" என்றார். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டு வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தார். அந்தம்மா பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஒரு காலை வைத்து, வாக்கரை நகர்த்தி, இன்னொரு காலை இழுத்து வைத்து, வாசல்படிவரை வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வாசல் வரிக்கும்னு எய்து" என்றார். "படி எறங்க முடியலன்னும் எய்து."

எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கார்த்திகா